சொல் தெரிகிறது, எழுத வரவில்லை

கேள்வி: ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக ஆங்கிலக் கல்விச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன்; கட்டுரை எழுதும்போது ஒன்றும் கைகொடுப்பதில்லையே?

பதில்: நியூசிலாந்தின் மொழியியலாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள்தாம் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), அவை பயன்பாட்டு மிகுதியின்படி 10 துணைப்பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், முதலாவதிலிருந்து தொடங்குவதே சிக்கனமான வழி. ‘அனலைஸ்’ என்ற வினையைப் படிக்கும்போதே ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிகல்’ ஆகியவற்றையும் சேர்த்துச் சொந்த வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். அகராதிப் பொருளை மட்டும் உருப்போடுவது, என் பார்வையில், வீண் உழைப்பு. ‘ரிசர்ச்’ என்பதோடு ‘கண்டக்ட்’ சேரும், ‘மேக்’ சேராது என்பது போன்ற சேர்க்கைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு மதிப்பீட்டில் கால் பங்கு சொல்வளத்துக்கு உரியது என்பதால், இத்தகைய பிழைகள் அங்கே உடனே கண்ணில் படும். சில நாள் கழித்து, பட்டியலைப் பாராமல் அதே சொற்களைக் கொண்டு ஒரு பத்தி எழுத முடிகிறதா என்று சோதியுங்கள்.