ராஜினாமாக் கடிதத்துக்கு முன் ஒரு வாடைக்காலம்

கேள்வி: எனக்கு 38 வயது. திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். தனியார் நிதி நிறுவனமொன்றில் 12 ஆண்டுகளாக வேலை. சிறு வயதில் நீர்வண்ண ஓவியம்தான் எனக்கு உயிர். வேலையை விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதியை எடுத்து வீட்டிலேயே ஓவியக்கூடம் அமைக்க நினைக்கிறேன். அடுத்த மாதம் கடிதம் கொடுக்கலாமா?

பதில்: அடுத்த மாதம் வேண்டாம், சகோதரி. ஓவியத்தை விட்டுவிடவும் வேண்டாம்.

முதலில் பணம். வேலையை விட்டதும் சேமலாப நிதி கைக்கு வராது. பெண்களுக்குப் பொதுவாக 50 வயதில்தான் முழுத்தொகையும் கிடைக்கும். உங்களுக்கு இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன. இடையில் 30 சதவீதம் எடுக்கும் வசதி வீடு, மருத்துவம் ஆகிய தேவைகளுக்கானது. தொகை அங்கேயே வட்டியுடன் வளரட்டும், அதை மறந்துவிடுங்கள். வேலையிலிருந்து விலகியதும் கேட்டுப் பெறக்கூடியது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. ஆனால் அதற்கு முதலாளி செலுத்துவது சம்பளத்தில் 3 சதவீதம்தான், ஆகவே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கப்போவது பணிக்கொடை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, நிறைவுபெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி. சம்பளம் ஒரு இலட்சம் என்றால் 12 ஆண்டுக்கு ஆறு இலட்சம். நிறைவுபெற்ற ஆண்டு மட்டுமே கணக்கில் சேரும். நியமனக் கடிதத்தை எடுத்துச் சேர்ந்த திகதியைப் பாருங்கள். 13ஆம் ஆண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது விலகினால் அரை மாதச் சம்பளம் வீணாகப் போகும்.

இனி, எனக்குப் பணத்தைவிடக் கவலை தரும் விஷயம். உங்கள் கை.

நான் கணக்காளர் வேலையை விட்டு ஓவியத்துக்குத் திரும்பி வந்தபோது, பதினோரு ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த ஓவியத்தாளை எடுத்து, கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமி மலைப் பாறையை வரைய உட்கார்ந்தேன். வானத்துக்கு நீலம் பூசிய இடமெல்லாம் கரும்புள்ளிகள் எழும்பின. நம் ஊர் வாடைக்காலத்து ஈரத்தில், நிறம் உள்ளே ஊறாமல் தடுக்கும் தாளின் பசை கெட்டுப்போயிருந்தது. நிறத்தை அது மைஒற்றுத் தாள்போல உறிஞ்சிக்கொண்டது. நல்ல தாள் வாங்கி வந்தேன். பாறை விளிம்பின் கோடு அப்போதும் நடுங்கியது. அந்த நடுக்கம் போக ஏழு மாதங்கள் ஆகின. அந்த ஏழு மாதமும் சம்பளம் இல்லாமல் கழிந்தது என் பிழை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். தினமும் அலுவலகம் போகும் முன் நாற்பது நிமிடம் வரையுங்கள். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சானில் பூசிய நிறம் தூரிகை திரும்புமுன் காய்ந்து விளிம்பு கட்டிவிடும். வாடையில் மணிக்கணக்காகக் காயாது. இரண்டு காற்றிலும் வரைந்து பழகினால்தான் கை உங்கள் வசப்படும்.

வருமானமும் அந்தக் காற்றுகளைப்போலத்தான். உப்புவெளி, நிலாவெளியில் பயணிகள் நிறைவது மே முதல் செப்டெம்பர் வரை. விமானத்தில் போகிறவர்கள் பெரிய சட்டகத்தைத் தூக்கிப்போக மாட்டார்கள்; தபால் அட்டை அளவில் கோட்டை வாசல் மான்களும் குடாக்கரைத் தோணிகளும் அவர்கள் பைக்குள் அடங்கும். ஒக்டோபருக்குப் பிறகு கடற்கரை வெறிச்சோடும். அந்த மாதங்களுக்கு வகுப்புத்தான் வழி. விஜயதசமியில் தொடங்குங்கள், பிள்ளைகளைக் கலையில் சேர்க்கப் பெற்றோர் தேடும் நாள் அது, அதுவும் வாடைக்குச் சற்று முன்னரே வருகிறது. ஐந்தாம் தரப் பிள்ளைகளை எதிர்பார்க்காதீர்கள், புலமைப்பரிசில் வகுப்புகள் அவர்களை விடுவதில்லை (அந்த வயதுக் கை எவ்வளவு துணிச்சலாகக் கோடு இழுக்கும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது). சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கும் மாணவர்கள் வருவார்கள். சனிக்கிழமை காலை ஆறு பேர் போதும், வேலையில் இருந்துகொண்டே நடத்தலாம்.

அந்த ஆறு பேரும் தை பிறந்த பிறகும் வந்துகொண்டிருந்தால், அடுத்த மே மாதத்துக்குள் நாற்பது சிறு ஓவியங்கள் கையிருப்பில் சேர்ந்தால், நிறைவாண்டுத் திகதி கழிந்த மறுநாள் கடிதத்தைக் கொடுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவை முன்கூட்டியே தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். பணிக்கொடையில் அதற்குக் கை வைக்கக் கூடாது.

இந்த வாரம் பழைய தாள்கள் இருந்தால் எடுத்து, ஓரத்தில் ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். புள்ளி எழும்பினால் அவற்றைப் பென்சில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.