நீர் மாத்திரையும் உப்பும் எடைக்கருவியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி எழுதியவர்களில் பாதிப் பேர் 'நீர் மாத்திரை' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் குணம் வேறுபட்ட மூன்று வகைகள் உண்டு: ஃபுரோசமைடு (லாசிக்ஸ்), டோர்செமைடு (டைடார்) போன்ற வேகமானவை, பி.பி. மாத்திரையோடு சேர்ந்து வரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன் போன்ற தயாசைடுகள், பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் (ஆல்டாக்டோன்). அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள். ஒன்றுக்குச் சொன்னது இன்னொன்றுக்கு நேர் எதிராக இருக்கலாம்.

அப்பாவுக்கு 68 வயது, இதயம் பலவீனம். லாசிக்ஸ் 40 காலையும் இரவும் போடுகிறார். இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறார். இரவு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். ஃபுரோசமைடு உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஒன்றிரண்டு மணியில் உச்சத்துக்குப் போகும், ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். 'இரண்டு வேளை' என்றதும் நமக்குக் காலை, இரவு என்றுதான் தோன்றுகிறது. இந்த மாத்திரைக்கு இரண்டாம் வேளை என்பது மதியம் 2 மணி. மாலை 4 மணியைத் தாண்டக் கூடாது. சீட்டில் 1-0-1 என்று இருந்தால் டாக்டரிடம் கேட்டு 1-1-0 என்று மாற்றி எழுதி வாங்குங்கள்.

மாற்றிய பிறகும் இரவில் எழுந்தால், பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது என்று பொருளாக இருக்கலாம். அப்போது அளவு போதவில்லை. சர்க்கரை, புராஸ்டேட் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். எழுந்ததும் கழிவறைக்கு ஓடாமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இதயக் கோளாறுக்குக் குறைந்த ஆபத்து அல்ல.

பேருந்தில் வெளியூர் போகும் நாளில் மாத்திரையை விடுவது பலரின் வழக்கம். விட வேண்டாம், போய்ச் சேர்ந்தபின் போடலாம்.

தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள். எவ்வளவு கூடினால் கவலைப்பட வேண்டும்?

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், காப்பிக்கு முன், ஒரே மாதிரி உடையில், சமமான தரையில் கருவியை வைத்துப் பாருங்கள். காலண்டரிலேயே குறித்துவையுங்கள். வீக்கமும் மூச்சுத்திணறலும் இல்லாத நாளின் எடையை டாக்டர் 'உலர் எடை' என்பார். அந்த எண்ணைக் கேட்டு மேலே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். அது சதை அல்ல, இரண்டு லிட்டர் தண்ணீர். காலை அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் செய்தி தாமதமாகத்தான் வரும். கால் வீங்கித் தெரிவதற்குள் பல லிட்டர் சேர்ந்திருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது, இருமலோடு நடு இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் எடை எதுவானாலும் காத்திருக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உலர் எடைக்குக் கீழே இரண்டு கிலோ இறங்கி, எழுந்தால் தலைசுற்றி, நாக்கு வறண்டு, சிறுநீரும் குறைந்தால் மாத்திரை அதிகமாகிவிட்டது. அக்னி நட்சத்திர நாட்களில் இது அடிக்கடி நடக்கும். சிறுநீரகம் அடிவாங்குவதற்கு முன் அளவைக் குறைக்க வேண்டும்.

முன்பு போல மாத்திரை கேட்பதில்லை. இரண்டாகப் போடலாமா?

கைவைத்தியமாகக் கூட்டுவதற்கு முன் சமையலறையைப் பாருங்கள். இந்த மாத்திரை சிறுநீரகத்தில் வெளியேற்றுவது உப்பை. தண்ணீர் அதன் பின்னால் போகிறது. மருந்தின் வேகம் அடங்கியதும் சிறுநீரகம் கிடைக்கிற உப்பையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காலையில் லாசிக்ஸ், இரவில் கருவாட்டுக் குழம்பு என்றால் பகலில் போனது இரவோடு இரவாகத் திரும்பிவிடும். ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், பாக்கெட் மிக்சர் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதற்குச் சலுகை கிடையாது.

அடுத்த சந்தேகம் மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மூன்றும் உப்பைத் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரைகளும் கூடவே இருந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடலாம். மருந்துக் கடையில் 'வலிக்கு ஏதாவது' என்று கேட்காதீர்கள். பாராசிட்டமால் என்று பெயர் சொல்லி வாங்குங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால் குடலைச் சந்தேகிக்கலாம். உடம்பு வீங்கும்போது குடல் சுவரும் வீங்கும். ஃபுரோசமைடு சரியாக உறிஞ்சப்படாது. டோர்செமைடுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஃபுரோசமைடு 40 மில்லிகிராமுக்கு டோர்செமைடு 20 ஏறக்குறைய ஈடு. அதற்காக எல்லோரும் மாற வேண்டியதில்லை. 2023-இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் இரண்டுக்கும் உயிர்காப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

லாசிக்ஸும் ஆல்டாக்டோனும் போடுகிறேன். பொட்டாசியம் குறையும் என்று தினம் ஒரு இளநீர் குடிக்கிறேன். சமையலுக்கு 'லோ சோடியம்' உப்பு. சரிதானா?

இளநீர், லோ சோடியம் உப்பு இரண்டையும் இன்றே நிறுத்திவிட்டு (மாத்திரைகளை அல்ல), இந்த வாரத்துக்குள் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பரிசோதனை செய்யுங்கள். லாசிக்ஸ் மட்டும் போடுபவருக்குப் பொட்டாசியம் குறையும் என்பது உண்மை; டிகாக்சின் என்ற இதய மாத்திரையும் இருந்தால் அந்தக் குறைவு ஆபத்தானதும்கூட. ஆனால் ஆல்டாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும். ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. லோ சோடியம் உப்பில் குறைத்த சோடியத்தின் இடத்தை நிரப்பியிருப்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் குளோரைடு ஒரு கிராமிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம்.

ரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு 3.5 முதல் 5.0 வரை. 5.5-ஐத் தாண்டினால் டாக்டர் ஆல்டாக்டோனைப் பாதியாக்குவார். 6-ஐத் தாண்டினால் அது அவசர சிகிச்சைக்கான எண், இதயத் துடிப்பே நின்றுபோகலாம். பெரும்பாலும் முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது, ரத்தம்தான் சொல்லும்.

ஆல்டாக்டோன் கெட்ட மருந்து அல்ல. தீவிர இதயச் செயலிழப்பில் மரணத்தை 30 சதவீதம் குறைக்கிறது என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆர்வத்தில் கனடாவின் ஒன்டாரியோவில் எல்லோருக்கும் எழுதித் தள்ளினார்கள். பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேருக்கு 2.4 என்பதிலிருந்து 2001-இல் 11 ஆனார்கள். மருந்து அதேதான், பரிசோதனைதான் போதவில்லை. தொடங்கிய ஒரு வாரத்தில், நான்கு வாரத்தில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பாதுகாப்பான கணக்கு. ஆண்களுக்கு மார்பில் வலியோ வீக்கமோ வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எப்லெரினோன் என்ற மாற்று இருக்கிறது.

அம்மாவுக்கு 72 வயது. பி.பி. மாத்திரையை 'எச்' சேர்ந்ததாக மாற்றி மூன்று வாரம் ஆகிறது. தள்ளாடுகிறார், பேச்சில் குழப்பம். வயதுதான் காரணமா?

இன்றே சோடியம் பாருங்கள். அந்த 'எச்' ஹைட்ரோகுளோரோதயாசைடு. மெலிந்த, வயதான பெண்களுக்கு இது சோடியத்தை இறக்கிவிடுவது தெரிந்த விஷயம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். இயல்பு 135-க்கு மேல். குழப்பம் வந்துவிட்டதால் வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 'நிறையத் தண்ணீர் குடிங்க' என்ற அக்கறையும் இங்கே நிலைமையை மோசமாக்கும்.

பி.பி.க்கு அம்லோடிபின் தொடங்கியபின் கணுக்கால் வீங்குகிறது. நீர் மாத்திரை கேட்கலாமா?

வேண்டாம். அது உப்பு தேங்கிய வீக்கம் அல்ல, ரத்தக் குழாய் விரிந்து கசிவது. அம்லோடிபினின் அளவைக் குறைத்தாலோ வேறு மாற்றினாலோ வடியும்.

வாந்தி, பேதி வந்த நாளிலும் போட வேண்டுமா?

எதுவும் வயிற்றில் தங்காத நாளில் நீர் மாத்திரை காய்ந்த உடம்பை மேலும் காயவைக்கும். ராமிப்ரில், டெல்மிசார்டன், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றுக்கும் அன்று இடைவெளி தேவைப்படலாம். வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் தொடங்குவார்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் தாங்களாக முடிவெடுக்காமல் அன்றே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

இருமலுக்கு அதிமதுரம் சுவைக்கலாமா?

அதிலுள்ள கிளிசிரைசின் உப்பைத் தேக்கும், பி.பி.யை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். லாசிக்ஸோ தயாசைடோ போடுபவர்களுக்கு ஆகாது. நெருஞ்சில், மூக்கிரட்டைக் கஷாயம் குடிப்பவர்கள் அதையும் மருந்துப் பட்டியலில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

காலை வேளையை மறந்துவிட்டால்?

மாலை 4 மணிக்குள் நினைவு வந்தால் போடலாம். தாண்டிவிட்டால் மறுநாள் காலை வழக்கமான ஒன்று மட்டும்.