ரெண்டு மேட்ச் தானா தண்டனை?

கேள்வி: அண்ணா, எங்க டென்னிஸ் பால் டீம் ஓப்பனர் பொண்டாட்டிய அடிச்சிட்டான், ரெண்டு மேட்ச் உக்கார வச்சோம். போன வருஷம் அம்பயர் கிட்ட எகிறுன பையன முழு டோர்னமெண்ட்டுக்கும் தூக்குனோம். இது நியாயமான்னு தங்கச்சி கேக்குறா. பெரிய லீக்ல எப்படி? - வாசகர், குடியாத்தம்

பதில்: தங்கச்சி கேட்டது கரெக்ட் தம்பி. நம்ம வேலூர் வெயில்ல ரெண்டு மேட்ச் நிழல்ல உக்கார்றது தண்டனையா, லீவா? அமெரிக்காவுலயும் இதே கூத்து தான், 2014ல ரே ரைஸ்னு, அந்த ஊரு ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஆடுன பிளேயர் கட்டிக்கப் போற பொண்ண லிஃப்ட்ல அடிச்சி மயக்கம் போட வச்சாரு, லீக் குடுத்ததும் அதே ரெண்டு மேட்ச், செப்டம்பர்ல லிஃப்ட்டுக்குள்ள எடுத்த வீடியோ வெளிய வந்ததும் காலவரையில்லாம சஸ்பெண்ட், நவம்பர்ல ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனையான்னு முன்னாள் ஜட்ஜ் அம்மா ஒருத்தங்க அத ரத்து பண்ணிட்டாங்க. அடி அதே அடி தான், ஊரே பாத்துச்சுன்றது தான் புதுசு!

அங்க பேஸ்பால் லீக்ல 2015ல பிளேயர்ஸ் யூனியனோட பேசி, வீட்டுல கை ஓங்குற பிளேயர்ஸுக்குன்னு ரூல் எழுதுனாங்க. கோர்ட்ல கேஸ் இல்லன்னாலும் லீக்கோட தலைவரான கமிஷனர் சஸ்பெண்ட் பண்ணலாம், பிளேயர் அப்பீல் போலாம். 2016ல அரால்டிஸ் சாப்மேன்ன்ற பிளேயருக்கு அந்த ரூல்ல கேஸே இல்லாம 30 மேட்ச் சஸ்பெண்ட். எனக்கு இது தேவலன்னு படுது, ஆனா சஸ்பெண்ட்னா சம்பளமும் போச்சு, அதுக்கு பயந்தே பொண்டாட்டிங்க வாய தொறக்காம இருக்கலாம்.

நீங்களும் டோர்னமெண்ட்டுக்கு முன்னாடியே நோட்டுல ரூல் எழுதி எல்லார் கிட்டயும் கையெழுத்து வாங்குங்க. அது இருக்கட்டும், அந்த பொண்ண யாராச்சும் போய் பாத்தீங்களா? பெண்கள் ஹெல்ப்லைன் 181 நம்பர தங்கச்சி மூலமா குடுத்து அனுப்புங்க.