சீடி 100ல இருந்து ஒரு படி மேல போறதெண்டா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, வீடு உவர்மலையில, வேலை கந்தளாயில. ஒவ்வொரு நாளும் பஜாஜ் சீடி (CT) 100 மோட்டார் சைக்கிள்லதான் போய்வாறன், போய்வர எண்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். காலமை போகேக்க கச்சான் காத்து மூஞ்சில அடிக்குது, வண்டி அம்பத்தஞ்சுக்கு மேல இழுக்குதில்ல, பின்னால பஸ் வந்து கோர்ன் அடிக்கிறான், முன்னால போற லொறியை முந்தவும் ஏலாது. மாதத்தில ஒருக்கா மனிசியோட மட்டக்களப்புக்கும் போறனாங்கள். கையில நாலரை லட்சம் இருக்கு, சீடியை வித்தா இன்னும் கொஞ்சம் வரும். மச்சான் பல்சர் 150 எடு எண்டுறான், கராஜ்கார அண்ணன் டிஸ்கவர் 125 காணும் எண்டுறார், எனக்கு யமஹா எஃப் இசட்ல ஒரு ஆசை. எதை எடுக்க?
– வாசகர், உவர்மலை

பதில்: தம்பி, முதல் விசயம் காத்து. கந்தளாய் எங்கட திருகோணமலைக்குத் தென்மேற்கில கிடக்கு, கச்சானும் அந்தப் பக்கத்தில இருந்துதான் வருது, அப்ப ஆனி ஆடி ஆவணியில நீங்க காலமையில நேரா காத்துக்குள்ளயே ஓடுறீங்க. அறுபதில போகேக்க முன்னுக்கிருந்து இருபதில காத்து அடிச்சா வண்டிக்கு அது எண்பதில போறபோது படுற காத்துத்தான், வேகம் கூடக்கூட இந்தத் தடை வர்க்கமா ஏறும், அதால சுமை ஒண்டே முக்கால் மடங்கு ஆகிடும். சீடியில இருக்கிறது எட்டுச் சொச்சம் ஹோர்ஸ் பவர், நாலு கியர். காத்து முதுகில தள்ளுற நாள் பின்னேரம் அதே வண்டி எழுபதில வடிவா வந்து சேருதோ எண்டு பாருங்க, வந்தா எஞ்சினில பழுது இல்ல, வலு காணாது, அவ்வளவுதான்.

வராட்டி, புது வண்டி தேட முதல் சீடியை ஒருக்கா பார்க்கோணும். நடு ஸ்டாண்டில விட்டு நியூட்ரல்ல பின் வீலைக் கையால சுத்திப் பாருங்க, ரெண்டு சுத்து லேசாச் சுத்தாம உடன நிண்டா ப்ரேக் பிடிச்சுக்கொண்டு கிடக்கு, இல்லாட்டி செயின் இறுகிக் கிடக்கு. எயார் பில்டர் எப்ப மாத்தினது, டெப்பற் (வால்வ் இடைவெளி) எப்ப பார்த்தது, நாலாவது கியர்ல முறுக்கேக்க எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாம நிக்குதோ, அப்பிடியெண்டா க்ளட்ச் தேஞ்சு போச்சு. இந்த வேலையள் எல்லாம் புது வண்டி விலையில ஒரு மூலைக்கும் வராது, செஞ்சா சீடிக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

சரி, அதுக்கும் பிறகு மாத்தத்தான் வேணும் எண்டா. டிஸ்கவர் 125ல பதினொரு ஹோர்ஸ் பவர் அளவில வருது, பல்சர் 150ல பதினாலு, எஃப் இசட்ல பதின்மூண்டு பதினாலு, மொடலைப் பொறுத்து. எட்டில இருந்து பதினொண்டுக்குப் போறது பேப்பரில சின்னதாத் தெரியும், ஆனா காத்துக்குள்ள அறுபது அறுபத்தஞ்சைப் பிடிச்சு வச்சிருக்க உங்களுக்கு வேண்டியது அந்த மூண்டுதான். அதைவிட முக்கியம் கியர். டிஸ்கவர் 125ல நாலு கியர் வந்ததும் இருக்கு, அஞ்சு கியர் வந்ததும் இருக்கு, விக்கிறவர்ர வாயைப் பார்க்காம நீங்களே ஓடி எண்ணிப் பார்த்து அஞ்சு கியர்தான் எடுக்கோணும். நாலு கியர் வண்டியில காத்துக்குள்ள டொப் கியர்ல இழுக்காது, மூண்டில போட்டா அலறும், நடுவில நிக்க இடமில்லாம நாப்பது கிலோமீற்றரும் போகோணும். உங்களுக்கு இப்ப நடக்கிறதும் இதுதான்.

பெற்றோல் கணக்கு இப்பிடி. மாதம் இருபத்தஞ்சு நாள் எண்டா ரெண்டாயிரம் கிலோமீற்றர். சீடி லீற்றருக்கு அறுபத்தஞ்சு தந்தா முப்பத்தொரு லீற்றர் வேணும், 125 அம்பது தந்தா நாப்பது, 150 நாப்பத்திரண்டு தந்தா நாப்பத்தெட்டு. லீற்றர் முன்னூறு ரூவா எண்டு வச்சா 125க்கு மாதம் ரெண்டாயிரத்து எழுநூறு கூட, 150க்கு ஐயாயிரத்து நூறு கூட. மாசச் சம்பளத்தில அந்த வித்தியாசம் தெரியும். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில க்யூஆர் பங்கீடு வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் எண்டு தந்த நேரம் கந்தளாய்க்கு ஓடினவையளிட்டக் கேட்டுப் பாருங்க, நாலு லீற்றரில சீடிக்காரன் மூண்டு நாள் போய்வந்தான், 150 வச்சிருந்தவன் ரெண்டு நாளோட நிண்டான்.

இன்னொண்டு, 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, திருப்பித் திறந்தது 2025 தொடக்கத்தில. அதால செக்கன்ட் ஹான்ட்ல வாறதில கனக்க 2020க்கு முந்தின வண்டியள், எல்லாம் அஞ்சு வருசத்துக்கு மேல ஓடினது. உங்கட காசுக்கு 150 பார்த்தா இன்னும் பழசு வரும், 125 பார்த்தா கொஞ்சம் பிந்தினது, ஒரே ஆள் பாவிச்சது எண்டு தேடி எடுக்கலாம். களைச்சுப்போன பல்சர் ஒண்டு, பிஸ்டன் ரிங் தேஞ்சு ஒயில் குடிச்சுக்கொண்டு, நல்ல 125 ஒண்டை விடக் கூட இழுக்கும் எண்டு நினைக்க வேண்டாம். எஃப் இசட் நல்ல வண்டி, இருக்கை சுகம், ரோட்டில நிக்கிற நிலை சொல்லி வேலையில்ல, ஆனா பின் டயர் 140, மாதம் ரெண்டாயிரம் ஓடுற உங்களுக்கு அந்த டயர் மாத்துற நேரம் கை கடிக்கும், அகலமான டயர் உருள்றதுக்கும் கொஞ்சம் வலுவைத் தின்னும்.

அதால என்ர முடிவு, கராஜ்கார அண்ணன் சொன்னதுதான். அஞ்சு கியர், முன்னுக்கு டிஸ்க் ப்ரேக் உள்ள டிஸ்கவர் 125. டிஸ்க் எண்டதை விட்டுக்குடுக்க வேண்டாம், தம்பலகாமம் பக்கம் இரவில மாடு எருமை நடு ரோட்டில படுத்துக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியும், அங்க நிப்பாட்ட ஏலாத வண்டியில பத்துக் கிலோமீற்றர் வேகத்தைக் கூட்டி என்ன பிரயோசனம். லைட்டும் பாருங்க, சின்ன வண்டியள்ல கனக்க எஞ்சின் சுத்துற அளவுக்குத்தான் லைட் எரியும், மாட்டைக் கண்டு ஸ்லோ பண்ணுற நேரம் பார்த்து அது மங்கும். பற்றரியில எரியிற லைட் உள்ளது எண்டா இன்னும் நல்லம். மனிசியோட மட்டக்களப்புக்கு மாதத்தில ஒருக்கா எண்டபடியா 125 காணும், போற வழியில மூதூர் வெருகல் வாகரை எல்லாம் சமதரைதான், கிண்ணியாப் பாலத்தில மட்டும் பக்கக் காத்துக்கு நிதானமாப் போங்க. கிழமைக்கு ஒருக்கா ரெண்டு பேர் சாமானோட போறதெண்டா நான் 150 பக்கம் சாய்ஞ்சிருப்பன், அப்பவும் பல்சரோட ஹொண்டா யுனிகோனையும் பார்க்கச் சொல்லியிருப்பன், அந்த எஞ்சின் அடியில இருந்தே மெதுவா நல்லா இழுக்கும்.

வண்டி பார்க்கப் போகேக்க, போறதா முதல்நாளே சொல்லி வச்சாலும் போனவுடன சைலன்சரைத் தொட்டுப் பாருங்க. சுட்டா விக்கிறவர் ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கிறார், குளிரில ஸ்டார்ட் எடுக்கிறதில ஏதோ கரைச்சல் இருக்கு, ஆறும் மட்டும் இருந்து கதைச்சிட்டு நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. புகை நீலமா வந்தா விட்டிட்டு வந்திருங்க.

எங்கட ஊரில இன்னும் ஒண்டு பார்க்கோணும், மற்ற ஊர்க்காரர் இதைச் சொல்லமாட்டினம். நிலாவெளி, குச்சவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் ஓடின வண்டியள்ல சிலது மீன்பெட்டி கட்டி ஓடினது. பெட்டியைக் கழட்டி, கழுவி, சீற் கவர் மாத்தி விட்டா வெளியில ஒண்டும் தெரியாது. பின் சீற்றைக் கழட்டச் சொல்லுங்க. சீற்றுக்குக் கீழ பின்பக்கம் போற ரெண்டு குழாயிலயும் வெல்டிங் தழும்பு இருக்கோ, பெயின்ற் புதுசா அடிச்சிருக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்க. பெட்டியில இருந்து ஐஸ் தண்ணியும் உப்பும் சொட்டுச் சொட்டா விழுறது பின் வீலைப் பிடிக்கிற ஆமுக்கு மேலதான், அது செயின் பக்கம் எப்பவும் கறுப்பு ஒயில்ல மூடிக் கிடக்கும், துணியால துடைச்சுப்போட்டுப் பாருங்க, அடியில செதில் செதிலாக் கறள் உரிஞ்சு வந்தா அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு குறைச்சுத் தந்தாலும் வேண்டாம். உங்களுக்குப் பின்னால மனிசி இருக்கப் போறா.

பேப்பர் விசயம் சுருக்கமாச் சொல்லுறன். வண்டிப் பதிவுப் புக்கில பினான்ஸ் கொம்பனிப் பேர் கிடந்தா, கடன் தீர்ந்து அது விடுபட்ட கடிதம் இல்லாம ஒரு ரூவாயும் குடுக்க வேண்டாம். ஹான்டில் கழுத்தில அடிச்சிருக்கிற சஸி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புக்கோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. புக்கில பேர் மாத்தாம ஓப்பன் பேப்பர்ல கை மாறி மாறி வந்த வண்டியை விலை குறைவு எண்டு எடுக்க வேண்டாம், புக்கில பேர் இருக்கிற ஆள் இப்ப எந்த நாட்டில நிக்கிறார் எண்டே தெரியாம அலைஞ்சவையள் கனபேர். நாலரையையும் வண்டிக்கே குடுக்காம செயின் செட், ரெண்டு டயர், ப்ரேக் பாட், ட்ரான்ஸ்பர், இன்சூரன்ஸுக்கு எண்டு ஒரு பங்கை ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்துக்குப் பேரம் பேசுங்க.

கேள்வி: அண்ணா, நான் உப்புவெளியில இருந்து டவுனுக்கு வேலைக்குப் போறன், இப்ப இருக்கிறது பழைய 100 சிசி வண்டி. 125 ஒண்டு வாங்க அப்பா ஓம் எண்டிட்டார். லைசன் ஏற்கனவே இருக்கு, அதுவே காணும்தானே?
– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, லைசனைத் திருப்பிப் பாருங்க. ஏ1 மட்டும் இருந்தா அது 100 சிசி வரைக்கும்தான், அதுக்கு மேல ஓட ஏ வேணும். ஏ இல்லாம 125ல போய் ஏதும் நடந்தா பொலிஸ் ஒரு பக்கம், இன்சூரன்ஸ்காரர் தரமாட்டம் எண்டு நிக்கிறது மறுபக்கம், அந்தக் கடன் முழுக்க அப்பான்ர தலையில விழும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில ஏ சேர்க்கிற வேலையை இப்பவே தொடங்குங்க, வண்டி அதுக்குப் பிறகு வாங்கலாம். அதோட ஒண்டு, உப்புவெளியில இருந்து டவுன் கிட்டத்தானே, வேற தூர ஓட்டம் இல்லையெண்டா 125 எதுக்கு எண்டு ஒருக்கா யோசிங்க. இருக்கிறது பழசு எண்டதுதான் பிரச்சினையெண்டா நல்ல 100 ஒண்டு போதும், மிச்சக் காசு கையில இருக்கும்.

கேள்வி: என்ர சீடிக்கு பெரிய பிஸ்டன், போர் கிட் போட்டு 125 ஆக்கித் தாறன் எண்டு ஒரு கராஜில சொல்லுறாங்க, புது வண்டி வாங்கிற செலவு மிச்சம்தானே?
– வாசகர், சீனன்குடா

பதில்: வேண்டாம். புக்கில 100 எண்டு கிடக்கேக்க உள்ளுக்க வேற ஒண்டைப் போடுறது சட்டப்படி பிழை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். க்ராங், க்ளட்ச், கியர்பொக்ஸ் எல்லாம் எட்டு ஹோர்ஸ் பவருக்குச் செஞ்சது, ப்ரேக் அதே பழைய ட்ரம், சூடு போறதுக்கு வழியும் அதே அளவுதான். கொஞ்ச நாளைக்கு ஆசையா இழுக்கும், பிறகு ஒவ்வொண்டாத் தரும். முன் ஸ்ப்ரொக்கெட்டில (செயின் ஓடுற பல்லுச் சில்லில) ஒரு பல்லுக் குறைச்சுப் போடுறது வேற கதை, அதில ஏத்தத்துக்கும் பின்னுக்கு ஆள் இருக்கேக்கயும் லேசா இழுக்கும், ஆனா எஞ்சின் கூடச் சுத்தும், டொப் ஸ்பீட் குறையும், புது வலு ஒண்டும் வராது. டவுனுக்குள்ள மட்டும் ஓடுறவருக்கு அது சரி, தூர ஓட்டத்துக்கு இல்ல.

கேள்வி: பல்சர் 150க்கு 92 பெற்றோலுக்குப் பதிலா ஒக்டேன் 95 அடிச்சா கூட இழுக்குமா?
– வாசகர், மூதூர்

பதில்: இல்ல. அந்த எஞ்சினுக்கு 92 காணும், 95க்குக் குடுக்கிற காசை ஒயிலுக்குக் குடுங்க. முறுக்கேக்க டக்டக் எண்டு தட்டுற சத்தம் கேட்டா உள்ளுக்குக் கரி பிடிச்சிருக்கலாம், அல்லது எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுடுது, மெக்கானிக்கிட்டக் காட்டுங்க.

கேள்வி: கடற்கரையோரம் வீடு, செயின் போட்டு ஆறு மாதத்தில கறள் பிடிச்சு இறுகிப் போகுது, என்ன செய்ய?
– வாசகர், நிலாவெளி

பதில்: பழைய எஞ்சின் ஒயிலை ஊத்துறதை நிப்பாட்டுங்க, அதில மணல் ஒட்டி அரைக்கிறதாலதான் செயின் சீக்கிரம் போகுது. கிழமைக்கு ஒருக்கா மண்ணெண்ணெய் தொட்ட துணியால துடைச்சு, காய விட்டு, கியர் ஒயில் தொண்ணூறை உள்பக்கமாச் சொட்டு விட்டு மிச்சத்தைத் துடைச்சு விடுங்க. பெற்றோலால கழுவ வேண்டாம். மாரியில ரோட்டில தண்ணி நிக்கிற நாளையில ஓடிட்டு வந்தா அண்டைக்கே நல்ல தண்ணி அடிச்சிட்டு ஒயில் விடுங்க, விடியப் பார்ப்பம் எண்டு விட்டா விடியக் கறள்தான். வண்டியைக் கடல்காத்து படாத பக்கம் நிப்பாட்டுங்க, கவர் போடுறதெண்டா ஈரத்தோட போட்டு மூட வேண்டாம். செயின் மாத்தேக்க ரெண்டு ஸ்ப்ரொக்கெட்டையும் சேர்த்து மாத்துங்க, தேஞ்ச பல்லில புதுச் செயினைப் போட்டா அதுவும் கெதியாப் போயிடும்.