சவர்டோ ஸ்டார்டர்: மூன்றாம் நாள் பீதியும் மற்ற சந்தேகங்களும்

கடை ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியைப் பொங்க வைக்கும் புளித்த மாவுக் கரைசல்தான் சவர்டோ ஸ்டார்டர். தயிருக்கு உறைமோர் எப்படியோ, ரொட்டிக்கு இது அப்படி. முதல்முறை போடுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். பாதிக்கு மேல் மூன்றாம் நாளில் வந்த கேள்விகள்!

கேள்வி: அக்கா, இப்பதான் முதல்முறை. என்னென்ன வேணும்? எங்க வீட்ல சப்பாத்தி மாவுதான் இருக்கு.

அதுவே போதும். மில்லில் கொடுத்து அரைத்த மாவு என்றால் இன்னும் நல்லது. ஸ்டார்டருக்கு வேண்டிய ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கோதுமையின் தவிட்டோடுதான் அதிகம் ஒட்டியிருக்கும், அதனால் சலிக்க வேண்டாம். வெறும் மைதாவில் ஆரம்பித்தாலும் வரும், நாள்தான் இழுக்கும். காற்றிலிருந்து ஈஸ்ட் வந்து விழட்டும் என்று பாட்டிலைத் திறந்து வைப்பதில் பயனில்லை. ஈக்கும் எறும்புக்கும்தான் கொண்டாட்டம்.

அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், ஒரு ரப்பர் பேண்ட், கிராம் காட்டும் சமையலறைத் தராசு. இவ்வளவுதான்.

முதல் நாள்: 30 கிராம் மாவு, 30 கிராம் தண்ணீர். உலர்ந்த மாவு எங்கும் தெரியாதபடி கலக்கி, மூடியைத் திருகாமல் மேலே வையுங்கள். இறுக மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும். ஆட்டா தண்ணீரை நிறைய இழுக்கும், அதனால் கரைசல் கெட்டியாக, வடை மாவு பதத்தில் இருக்கும். கலக்கவே வரவில்லை என்றால் 5 கிராம் தண்ணீர் கூட்டலாம்.

இரண்டாம் நாள்: காலையும் மாலையும் கிளறிவிடுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

மூன்றாம் நாள் முதல்: பழையதில் 20 கிராம் மட்டும் வைத்துக்கொண்டு 20 மாவு, 20 தண்ணீர். தினமும் ஒரே நேரத்தில் ஒரு தடவை. தீனி போட்டதும் கரைசலின் மட்டத்தில் ரப்பர் பேண்டை மாட்டுங்கள். பிறகு அதுதான் உங்கள் கடிகாரம்.

கேள்வி: தராசு இல்லை. ஒரு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீர்னு போட்டேன். குமிழ் வருது, ஆனா மேலே ஏறவே மாட்டேங்குது.

ஒரு கப் ஆட்டா சுமார் 120 கிராம், ஒரு கப் தண்ணீர் 240 கிராம். நீங்கள் மாவைப் போல இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். நீர்த்த கரைசலில் வாயு தங்காது, மேலே வந்து உடைந்து போய்விடும். உயிர் இருக்கிறது, பிடித்து வைக்கத்தான் ஆளில்லை. தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து, கெட்டியாகும் வரை மாவு சேர்த்துக் கிளறுங்கள். தராசு வாங்கும் வரை கப் கணக்கில் மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு.

கேள்வி: இரண்டாம் நாளே பாட்டில் நிறையப் பொங்கிடுச்சு! சந்தோஷமா தீனி போட்டேன். மூணாம் நாள்லேர்ந்து அசைவே இல்லை, நாத்தம் வேற. செத்துப் போச்சா?

சாகவில்லை, இன்னும் பிறக்கவே இல்லை.

இரண்டாம் நாள் பொங்கியது ஈஸ்ட்டால் அல்ல. மாவில் வந்த பாக்டீரியாக்கள் வாயு விட்டதால். அவற்றில் முக்கியமானது லூகோனோஸ்டாக், நம் இட்லி மாவைப் பொங்க வைக்கும் அதே குடும்பம். புளிப்பு ஏற ஏற அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது, அடங்கிவிடும். பழைய சாக்ஸ், அழுகிய முட்டைகோஸ் மாதிரி வந்த வாடையும் அந்தக் கூட்டத்தோடு போய்விடும். அடுத்து புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள் வரும், அவற்றுக்குப் பின்னால் ஈஸ்ட் பெருகும். இடையில் இரண்டிலிருந்து ஐந்து நாள் பாட்டில் கல்லு மாதிரி இருக்கும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கொட்டிவிட்டு முதல் நாளுக்குப் போகிறார்கள். பத்து நாளில் மூன்று தடவை மூன்றாம் நாளையே பார்க்கிறார்கள்.

அமைதியான நாட்களில் தீனியைக் கூட்டாதீர்கள். சேர்ந்த புளிப்பை நீங்களே கழுவி விட்டதாக ஆகிவிடும். அசைவே இல்லாத நாளில் கிளறிவிட்டு, தீனி போடாமல் விட்டாலும் தப்பில்லை. வாடை மாறி, மோர் மாதிரியோ பழுத்த பழம் மாதிரியோ மணம் வந்து, பக்கவாட்டில் ஊசிமுனைக் குமிழ்கள் தெரிந்தால் ஈஸ்ட் வந்தாயிற்று.

இந்தக் கட்டத்தையே சுருக்க வேண்டுமானால் முதல் நாள் தண்ணீருக்குப் பதில் வடிகட்டிய அன்னாசிச் சாறு ஊற்றலாம். அதன் புளிப்பு லூகோனோஸ்டாக்கை ஆரம்பத்திலேயே அடக்கிவிடும். மூன்றாம் நாளிலிருந்து தண்ணீர்.

கேள்வி: அப்படின்னா புளிச்ச இட்லி மாவையே ஒரு கரண்டி விட்டுட்டா?

தண்டம். மேலே சொன்ன அடங்கிப்போகிற கூட்டத்தைத்தான் நீங்கள் கரண்டியில் ஊற்றுகிறீர்கள். கடை ஈஸ்ட்டைச் சேர்த்தால் அன்றைக்குப் பொங்கும், ஆனால் அதை வைத்து ஸ்டார்டர் தயார் என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள்.

கேள்வி: சென்னைல கார்ப்பரேஷன் தண்ணி ஊத்தலாமா?

குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். வீட்டு ஃபில்டர் தண்ணீரும் சரி. சூடாக மட்டும் ஊற்றக் கூடாது.

கேள்வி: பத்து நாள் ஆச்சு. எல்லாரும் இரட்டிப்பாகுதுன்னு சொல்றாங்க. நான் காலைல எழுந்து பார்த்தா ரப்பர் பேண்ட் மட்டத்துலயேதான் இருக்கு. எங்க ஊர் மதுரை.

ரப்பர் பேண்டுக்கு மேலே கண்ணாடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். மாவு படிந்து காய்ந்த திட்டு இருக்கிறதா? கரைசலின் நடுப்பகுதி குழிந்திருக்கிறதா? இருந்தால் அது ராத்திரியே ஏறி இறங்கிவிட்டது. நீங்கள்தான் பார்க்கவில்லை.

நெட்டில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை 22 முதல் 25 டிகிரி அடுக்களைக்கு எழுதியவை. உங்கள் அடுக்களையில் வெயில் காலத்தில் 32 டிகிரி. அங்கே எட்டு மணி நேரத்தில் நடப்பது உங்களிடம் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் பூராவும் ஸ்டார்டர் பட்டினி. பட்டினி கிடந்தால் புளிப்பு ஏறும், ஈஸ்ட் சோரும், மாவின் பசைத்தன்மையும் அறுந்துபோகும். நம்மூரில் ஸ்டார்டர் வீணாவது மந்தத்தால் அல்ல, வேகத்தால்.

நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், தீனியின் விகிதத்தை மாற்றுங்கள். 1:1:1 என்று போட்டது போதும். ஈஸ்ட் வந்துவிட்ட பிறகு 1:5:5-க்குப் போங்கள்: பழைய ஸ்டார்டர் 5 கிராம், மாவு 25, தண்ணீர் 25. அப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் இறங்கினால் 1:10:10. மாவில் பாதியை மைதாவாக மாற்றினால் வேகம் கொஞ்சம் குறையும், ஏறுவதும் தெளிவாகத் தெரியும். அடுப்புப் பக்கத்திலிருந்தும் ஃப்ரிட்ஜின் மேலிருந்தும் பாட்டிலை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வையுங்கள். கொஞ்சம் குளிர்ச்சி, எறும்பும் ஏறாது. கொடைக்கானல்காரர்களுக்கு இதெல்லாம் தலைகீழ்: 1:1:1, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர், பொறுமை.

கேள்வி: மேலே கறுப்பா தண்ணி நிக்குது. நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை. கொட்டிடவா?

இரண்டும் பசியின் அடையாளம்தான். தண்ணீரை வடித்துவிட்டு, அடியிலிருந்து 5 கிராம் எடுத்து 1:5:5 தீனி, அடுத்தடுத்து இரண்டு மூன்று தடவை. சரியாகிவிடும்.

கொட்ட வேண்டியது எப்போது என்றால்: இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் கோடோ திட்டோ தெரிந்தால், அல்லது பச்சை, கறுப்பு, வெள்ளை என எந்த நிறத்திலாவது பஞ்சு மாதிரி பூசணம் இருந்தால். மேலே மட்டும் வழித்துவிட்டுத் தொடரக் கூடாது. முழுதையும் கொட்டி, பாட்டிலைக் கொதிநீரில் கழுவுங்கள்.

கேள்வி: தினமும் மாவை வீசறதைப் பார்த்து மாமியார் திட்டறாங்க அக்கா. தோசையில சேர்க்கலாமா?

முதல் இரண்டு வாரத்தில் எடுப்பதைச் சேர்க்காதீர்கள். அந்தக் கட்டத்தில் என்னென்ன கிருமி வளர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்டார்டர் ஒழுங்காக ஏறி இறங்க ஆரம்பித்த பிறகு எடுப்பதை ஃப்ரிட்ஜில் சேர்த்து வைத்து, கோதுமை தோசைக்கோ அடைக்கோ கலக்கலாம். புளித்த மோர் தேவைப்படாது. மேலே சொன்ன 5 கிராம் கணக்கில் போனால் மாமியார் கண்ணில் படுகிற அளவுக்கு மிஞ்சவும் மிஞ்சாது.

கேள்வி: தண்ணியில போட்டா மிதக்கணுமாமே? என்னோடது முழுகிடுது.

ஆட்டா ஸ்டார்டர் நன்றாகப் பழுத்திருந்தாலும் முழுகும், எடுக்கும்போது வாயு போய்விட்டாலும் முழுகும். அதை விடுங்கள். ஸ்டார்டர் தயார் என்பதற்கு அடையாளம் வேறு: தீனி போட்ட ஆறு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாக வேண்டும், இது தொடர்ந்து மூன்று தடவை நடக்க வேண்டும். மேல்பக்கம் குமிழாக உப்பி, இறங்கப் போகிற தறுவாயில் எடுத்து ரொட்டிக்குப் போடுங்கள்.

முதல் ரொட்டிக்கு: மைதா 300 கிராம், தண்ணீர் 180, ஸ்டார்டர் 60, உப்பு 6. மாவுப் பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் 10 கிராமுக்குக் குறையாததாகப் பாருங்கள். பிசைந்த மாவு ஒன்றரை மடங்கு ஆனதும் உருட்டி, ராத்திரி ஃப்ரிட்ஜில். இரட்டிப்பாகும் வரை வெளியே விட்டால் நம் சூட்டில் தட்டையாகப் படுத்துவிடும்.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ ஸ்டார்டர் பொடி ஆன்லைன்ல கிடைக்குது. வாங்கினா அந்த ருசி வருமா?

அந்த ஊர் ரொட்டி மாவில் 1971-ல் அடையாளம் கண்ட ஒரு லாக்டோபேசில்லஸுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். பிறகு பார்த்தால் ஐரோப்பாவின் பல ஸ்டார்டர்களிலும் அதே இருந்தது. ஊர்ப் பெயருக்குக் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் மாவு, உங்கள் அடுக்களைச் சூடு, தீனி போடும் இடைவெளி இவைதான் ருசியைத் தீர்மானிக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு சீலியாக் நோய். சவர்டோன்னா சாப்பிடலாம்னு சொல்றாங்களே?

கூடாது. சீலியாக் உள்ளவர்களுக்கு ஆகாத குளுட்டன் (கோதுமைக்குப் பசைத்தன்மை தரும் புரதம்) புளிக்கும்போது கொஞ்சம் உடையும், முழுதும் போகாது. கோதுமை ஸ்டார்டர் தொட்ட கரண்டிகூட அவருக்கு வேண்டாம்.

கேள்வி: ஒரு மாசம் ஊருக்குப் போறேன். யார்கிட்ட விட்டுட்டுப் போறது?

யாரிடமும் வேண்டாம். 1:5:5 தீனி போட்டு, அரை மணி நேரம் வெளியே வைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வாரம் ஒரு தீனி நல்லது, ஆனாலும் நன்றாகத் தேறிய ஸ்டார்டர் ஒரு மாதம் தாங்கும். கறுப்புத் தண்ணீர் நிற்கும், வடித்துவிட்டு மூன்று தடவை தீனி போட்டால் எழுந்துவிடும். இரண்டு வாரமே ஆன இளசு என்றால் இன்னொரு வழியும் கையில் இருக்கட்டும்: பட்டர் பேப்பரில் ஒரு ஸ்பூனை மெல்லிசாகத் தடவி, ஃபேன் காற்றில் வடகம் மாதிரி காய வையுங்கள், வெயிலில் வேண்டாம். நொறுங்கும் பதம் வந்ததும் டப்பாவில் போட்டு, மூடி மேல் தேதி எழுதி வையுங்கள்.