பேய் நம்ம புளோக்குக்கு வரவேண்டும்

கேள்வி: ஹாலோவீன் இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க நல்ல பேய்ப் படம் பத்து சொல்லுங்களேன். தமிழில் வருவதெல்லாம் சிரிப்புப் பேயாகவே இருக்கிறது, ஆங்கிலப் படமானாலும் சரி. வீட்டில் நாங்கள் இருவர், 17 வயது மகன், 9 வயது மகள், மாமியார், பணிப்பெண். ‘வெள்ளைக்காரன் பேய்த் திருநாள் நமக்கு எதற்கு’ என்று மாமியார் வேறு முணுமுணுக்கிறார்.
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: பத்தா? ஒரே இரவில் பத்துப் படம் ஓட்டினால் பேய்தான் உங்களைக் கண்டு ஓடும். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. அதுவும் 9 வயது மகளையும் 17 வயது மகனையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து ஒரே படத்தைக் காட்டி இரண்டு பேரையும் பயமுறுத்தவேண்டும் என்றால் நடக்காது. சின்னவளுக்குப் பொருந்துவது பெரியவனுக்குக் கொட்டாவி, பெரியவனுக்குப் பொருந்துவது சின்னவளுக்கு ஒரு வாரத் தூக்கம் போச்சு. திரையரங்கில் 16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லாத என்சி16 படமென்றால் வாசலிலேயே வயதைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள், வீட்டில் அந்த வேலை உங்களுடையது. சின்னவளுக்குப் பகலிலேயே ‘கோரலைன்’ (2009) போடுங்கள். கண்ணுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான் தைத்த இன்னொரு அம்மா வருகிற பொம்மைப் படம்தான், ஆனால் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி இரவுக்காட்சி. பேய்ப் படம் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பேய் நம்ம புளோக்குக்கு வருமா? காட்டுக்குள் பாழடைந்த பங்களா, மெழுகுவர்த்தி, பியானோ எல்லாம் பார்க்க அழகு, ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வேறு யாருடைய வீட்டுப் பிரச்சினையோதான். படம் முடிந்து குப்பை போட வெளியே போகும்போது, நடைபாதை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தால் காலைத் தூக்கிவைக்கத் தயங்க வேண்டும். அதுதான் படம்.

அந்தக் கணக்கில் என் முதல் சிபாரிசு தமிழ்ப் படம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009). மாதவன் குடும்பத்தோடு புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறார். எல்லாரையும் ஏற்றிச்செல்கிற மின்தூக்கி அவர் தனியாக ஏறினால் மட்டும் நகராது. பால் திரிகிறது, சாமி படம் மாட்ட ஆணி இறங்கமாட்டேன் என்கிறது. வீட்டுப் பெண்கள் தினமும் மதியம் பார்க்கிற சீரியலில் நடப்பதெல்லாம் அப்படியே இந்த வீட்டிலும் நடக்கிறது. உங்கள் மாமியார் சீரியல் பார்ப்பவராக இருந்தால் அவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள், அதன்பிறகு வெள்ளைக்காரனைப் பற்றிப் பேசமாட்டார்.

‘தமிழில் எல்லாம் சிரிப்புப் பேய்’ என்கிறீர்கள். பாதி உண்மை. ‘காஞ்சனா’ (2011) ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு ஒரு வாய்ப்பாடு உட்கார்ந்துவிட்டது: இடைவேளை வரை கத்தல், அப்புறம் ஒரு பிளாஷ்பேக், பேய்க்கு நடந்த அநியாயம், கடைசியில் பேய்க்கு நியாயம். நியாயம் கிடைத்த பேயைப் பார்த்து யார் பயப்படுவது? கைகொடுத்து அனுப்பவேண்டியதுதான். மீதிப் பாதியை நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’வில் (2012) விஜய் சேதுபதி ஒரு டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிற பகுதியை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். (பங்களாதான், ஆனாலும் விதிவிலக்கு கொடுக்கலாம்.) பாதியில் தோசை ஊற்ற எழுந்து போனவர்களுக்குக் கதை சொல்லாதீர்கள், முடிவு கெட்டுவிடும்.

மகனுக்கு ‘தி ஐ’ (2002). பாங் சகோதரர்கள் எடுத்தது, ஹாங்காங்கோடு சிங்கப்பூரும் சேர்ந்து தயாரித்த படம். பார்வையில்லாத ஒரு பெண்ணுக்குக் கருவிழி மாற்று சிகிச்சை நடக்கிறது, அதற்குப்பின் பார்க்கக்கூடாததெல்லாம் கண்ணில் படுகிறது. அதில் ஒரு மின்தூக்கிக் காட்சி. மூலையில் ஒரு கிழவர் சுவரைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்கிறார், இவள் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறாள், மாடி எண் ஒன்றொன்றாக ஏறுகிறது. அவ்வளவுதான், ரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆனால் மறுநாள் உங்கள் பையன் மாடிப்படியில் இறங்கிப் பள்ளிக்கூடம் போனால் எனக்கு எழுதுங்கள்.

ஆங்கிலம்தான் வேண்டும் என்றால், நாளுக்கேற்ற படமாக ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) இருக்கிறது, இசையும் அவரே. கொலைகாரன் போட்டிருப்பது ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க் முகமூடி, வெள்ளை பெயின்ட் அடித்தது. பட்டப்பகலில், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே அவன் சும்மா நிற்பான், அடுத்த தடவை பார்த்தால் இருக்கமாட்டான். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுகிற ஊர்க்காரர்களுக்கு இது போதாதா?

மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, பேய்க்காலம் இந்த ஊரில் ஏற்கனவே வந்து போய்விட்டது. ஆவிகள் வெளியே உலாவும் என்று சீனர்கள் நம்புகிற ஏழாம் மாதத்தில், புளோக்குக்குக் கீழே அவற்றுக்காகக் காகிதம் எரிகிறது, கெத்தாய் என்கிற பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விடுகிறார்கள். அதையே கதையாக்கியது கெல்வின் டோங்கின் ‘தி மெய்ட்’ (2005): பிலிப்பீன்ஸிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் ஏழாம் மாதத்தில் இங்கே வந்து இறங்குகிறாள். அந்த மாதத்தில் எதைச் செய்யக்கூடாது என்று அவளுக்குத் தெரியாது.

அப்புறம், இந்த வட்டாரத்தின் சொந்த மலாய்ப் பேயான பொந்தியானாக்கை முதலில் திரைக்குக் கொண்டுவந்து ஊரையே மிரட்டியவர் யார் தெரியுமா? பி.என். ராவ், கேரளத்திலிருந்து வந்தவர். 1957-இல் வந்த ‘பொந்தியானாக்’, கேத்தே-கெரிஸ் தயாரிப்பு, மரியா மெனாடோ பேயாக நடித்தார். பிரதி இன்று இல்லை, தொலைந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவரே எடுத்த ‘சும்பா பொந்தியானாக்’ பிழைத்திருக்கிறது, தேடிப் பாருங்கள். பிரசவத்தில் செத்த பெண், கழுத்தில் ஆணி அடித்தால் அடங்கிவிடுவாள் என்று மாமியாருக்கு ஒரு வரி சொன்னால் போதும், புளியமரத்தில் முடியோடு ஆணி அடிக்கிற நம்ம ஊர் வழக்கத்தை அவரே எடுத்துச் சொல்வார், உங்களுக்கு ஒரு படம் மிச்சம். ஹாலோவீனால் தீபாவளி கெட்டுப்போகும் என்று அவர் கவலைப்பட்டால், 2024-இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31-இல்தான் வந்தன, யாரும் எண்ணெய்க் குளியலை விட்டதாகத் தெரியவில்லை.

பணிப்பெண்ணோடு சேர்ந்து ‘தி மெய்ட்’ பார்ப்பது உங்கள் விருப்பம். படம் முடிந்ததும் அவர் உங்களைப் பார்க்கிற பார்வை மாறினால் நான் பொறுப்பில்லை.