சேலம் ஃப்ளைட் நிலைக்குமா?

கேள்வி: எங்க சேலம் ஏர்போர்ட்ல மறுபடி ஃப்ளைட் விட்டாங்களே, இந்த வாட்டியாவது நிலைக்குமா சார்?
– வாசகர், ஓமலூர்

பதில்: நிலைக்கணும்னுதான் எனக்கும் ஆசை. 2018 மார்ச்ல, சின்ன ஊருக்கும் ஃப்ளைட் விட அரசு மானியம் குடுக்கற உடான் திட்டத்துல ட்ரூஜெட் கம்பெனி ஃப்ளைட் வந்துச்சு, 2021ல நின்னுபோச்சு, அப்புறம் 2023 அக்டோபர்லதான் ஏர்போர்ட் இருக்கற காமலாபுரத்துல திரும்ப விமானச் சத்தம் கேட்டுச்சு. 70 சொச்சம் சீட் இருக்கற ஏடிஆர்ங்கற சின்ன விமானம் நம்ம ஊருக்கு அளவான ஃப்ளைட்தான், ஆனா உடான் மானியம் 3 வருஷம்தான், அதுக்கப்புறம் டிக்கெட் காசுலயே ஓடியாகணும். செவ்வாப்பேட்டை கொலுசு வியாபாரி காலைல சென்னை போயி வேலைய முடிச்சிட்டு ராத்திரி வீட்டுச் சோறு சாப்பிடணும், அப்படி நேரம் அமைஞ்சா கண்டிப்பா ஆள் ஏறும், இல்லேன்னா பழையபடி ராத்திரி ரயிலையே புடிச்சிடுவாங்க.